எழுத்து விழாத ஏழு துளை

என் கையெழுத்து அழகா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. காலேஜ்ல கம்ப்யூட்டர் மன்றம் ஆரம்பிச்சப்ப அதனாலதான் என்னைச் செயலாளராப் போட்டாங்க. போர்டுல அறிவிப்பு எழுத ஒரு ஆள் வேணுமில்லையா? இதையும் நானே எழுதித் தந்திருப்பேன். ஏட்டய்யா எழுதட்டும்ங்கிறீங்க, சரிங்க. அவருக்குக் கை வலிக்காம நிதானமா சொல்றேன்.

பேரு அமிர்தராஜ். வீடு பாலக்கரை. இப்ப அதே காலேஜ்லதான் பாடம் எடுக்கிறேன். நடந்தது எண்பத்திரண்டு மார்ச்சில, அஞ்சு வருஷம் ஆச்சு. அப்ப நான் கடைசி வருஷம் படிச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னிக்குக் காலேஜ் மொத்தத்துக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாணவர்களுக்கு வாரத்துல ரெண்டு மணி நேரம் விட்டாப் பெரிசு. அதனால மன்றத்துப் போட்டியெல்லாம் காகிதத்துலயே நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் எழுதின புரோகிராமை இன்னொருத்தர் கையில கொடுத்து, எங்கே தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லுவோம். அந்தப் போட்டியை ஆரம்பிச்சதே நான்தான். ரெண்டு வருஷம் நான்தான் ஜெயிச்சேன்.

கடைசி வருஷம் தங்கையன் மன்றத்துல வந்து சேர்ந்தான். என் வகுப்புதான். ஜீயபுரத்துல வாழை போடுற குடும்பம், ஸ்ரீரங்கத்துல அக்கா வீட்டுல தங்கிப் படிச்சான். சட்டையில எப்பவும் வாழைக்கறை இருக்கும், துவைச்சாலும் போகாது. முதல் சனிக்கிழமை என் புரோகிராமை அவன்கிட்ட கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கலை. "செயலாளரே, இது ஓடாது. பதினஞ்சாவது வரியிலேயே நொண்டும்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

பொறாமையான்னு கேக்கிறீங்க. ஆமாங்க, வயிறு எரிஞ்சுது. அதுல மறைக்க என்ன இருக்கு?

ஆனா அவன்மேல எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவங்க அக்கா சந்திரம்மாள் சனிக்கிழமையானா மன்றத்துக்கு வாழைப்பூ வடை கொடுத்தனுப்பும். எனக்குன்னு ரெண்டு தனியா பொட்டலம் கட்டியிருக்கும். ஒரு தடவை வீட்டுக்குப் போயிருந்தப்ப, "என்னங்க தம்பி, செயலாளர் வேலை ரொம்ப ஜாஸ்தியா? ஊதினா பறந்துடுவீங்க போல இருக்கு, நல்லா சாப்பிடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே இலையில மறுபடி சோறு வெச்சுது. அப்ப அதுக்கு ஏழு மாசம். நல்ல மனுஷி. அதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகமில்லை.

மார்ச் மாசம் ஆண்டுப் போட்டி அறிவிச்சோம். ஊருக்கு உபயோகமா ஒரு புரோகிராம் எழுதணும். ஜெயிக்கிறவனை பம்பாய்ல ஒரு கம்பெனி பயிற்சிக்கு எடுத்துக்கும். ஒரே ஒரு இடம். நான் ரயில் டிக்கெட் ரிசர்வேஷனுக்கு எழுதினேன். தங்கையன் ரத்தம் கொடுக்கிறவங்க பட்டியல் போட்டான். அவசரத்துக்கு ஒரு வகை வேணும்னா, அந்த வகைக்காரங்க பேரும் இடமும் உடனே அச்சாகி வந்துடும். நல்ல யோசனைதான், நான் எங்கேயும் அதை மறுத்ததில்லை.

பரக்கத் அலின்னு ஒரு லேப் டெக்னீஷியன் வந்து மாணவர்கள், வாத்தியார்கள் நானூத்துச் சொச்சம் பேருக்கு ரத்தம் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. அந்தச் சீட்டைப் பார்த்து எங்க பஞ்ச் ஆபரேட்டர் பேட்ரிசியா ஆளுக்கு ஒரு அட்டையா அடிச்சாங்க. அதோட சீட்டெல்லாம் என் அலமாரிக்கு வந்துடுச்சு. சாவி என்கிட்ட.

அட்டை விஷயம் உங்களுக்குப் புரியணும், அதுதான் முக்கியம். மெஷின்ல ஒரு எழுத்தைத் தட்டினா அட்டையில துளை விழும், அதே நேரம் அட்டையோட மேல் ஓரத்துல அந்த எழுத்தும் அச்சாகும். துளை கம்ப்யூட்டருக்கு, எழுத்து மனுஷனுக்கு. தங்கையன் வெச்ச ஏற்பாடு, பாசிட்டிவ் ரத்தம்னா ஒரு குறிப்பிட்ட இடத்துல ஒரு துளை. நெகட்டிவ்னா அந்த இடத்தைச் சும்மா விட்டுடணும். ஒத்திகைக்கு ஒரு தடவை ஓட்டினான், எந்த வகையில எத்தனை பேர்னு எண்ணிக்கை மட்டும். ஓ நெகட்டிவ், ஏழு பேர்னு வந்துச்சு.

போட்டிக்கு முந்தின ஞாயிறு, சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா மன்றத்து அறைக்குப் போனேன். சீட்டைப் பார்த்து அந்த ஏழு பேரோட அட்டையை எடுத்தேன். அரை பிளேடால அட்டைக்கு ஒரு துளை, அந்தப் பாசிட்டிவ் இடத்துல, எள்ளு அகலத்துக்கு, சுத்தமா வெட்டினேன். நான் எதைச் செஞ்சாலும் சுத்தமாத்தான் செய்வேன். அரை மணி நேரம்கூட ஆகலை. திரும்ப அடுக்கி வெச்சுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

யாருக்கும் கெடுதல் நினைக்கலைங்க. சனிக்கிழமை நடுவர்கிட்ட, "அபூர்வமான வகையா ஒண்ணு கேளுங்க சார்"னு நான் மெதுவா எடுத்துக் கொடுப்பேன். பட்டியல்ல யாரும் இல்லைன்னு வரும். கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "நான் இருக்கேனே"ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அவ்வளவுதான் என் திட்டம்.

புதன்கிழமை காலையில பத்தரை மணிக்குத் தங்கையன் ஓடி வந்தான். செருப்பில்லை. சந்திரம்மா அக்காவுக்குப் பிரசவம் ஆயிடுச்சு, குழந்தை நல்லா இருக்கு, ஆனா ரத்தம் நிக்கலை, ஆஸ்பத்திரியில ஓ நெகட்டிவ் கேக்கிறாங்கன்னான். மூத்த குழந்தை வீட்டுலயே பொறந்ததால அக்காவோட வகை அன்னிக்குத்தான் அவங்களுக்கே தெரியும். "நம்மகிட்டதான் ஏழு பேர் இருக்காங்களே அமிர்தம்"னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அழுகைன்னா சந்தோஷ அழுகைதான். சாமி இதுக்குத்தான் என்னை இதை எழுத வெச்சுதுன்னான்.

கம்ப்யூட்டர் அறையில வேற வேலையை நிறுத்திட்டு அவன் அட்டையை ஓட்டினாங்க. பேப்பர் வந்துச்சு. ஓ நெகட்டிவ், யாருமில்லை.

அவன் அந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டு நின்னான். "ஏழு பேர் இருந்தாங்களே"ன்னான். நான், "பேப்பர்ல என்ன வந்திருக்கு?"ன்னு கேட்டேன். ஒரு கேள்விதாங்க கேட்டேன். "ஹாஸ்டல்ல மைக்ல சொல்லிப் பார்ப்போமா"ன்னான். "பட்டியல்லயே இல்லாதவங்க மைக்ல கூப்பிட்டா எங்கேருந்துடா வருவாங்க?"ன்னேன். அதுவும் கேள்விதான்.

அட்டைகளைக் கையில எடுத்து மேல் ஓரத்து எழுத்தைப் படிச்சிருந்தா பத்து நிமிஷத்துல ஏழு பேரும் கிடைச்சிருப்பாங்க. பிளேடால வெட்டின துளைக்கு மேல எழுத்து விழாதில்லையா? ஆனா கம்ப்யூட்டர் பேப்பரைத் துப்பிட்டா அட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். எங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. என் அலமாரியில இருந்த சீட்டையும் அதனாலதான் யாரும் கேக்கலை. அவனை மட்டும் குத்தம் சொல்றதுக்கில்லை.

நானும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நேரத்துல அவனை எப்படித் தனியா விடுறது? வராந்தாவுல அக்கா வீட்டுக்காரர் ராசப்பன் நின்னுக்கிட்டிருந்தாரு, வாழைத்தார் மண்டியில சுமை தூக்குறவரு. போற வர்ற நர்ஸ்கிட்டயெல்லாம் கையை நீட்டி, "என்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா"ன்னாரு. அவரு வகை சேரலை. தஞ்சாவூருக்கு ஆள் போயிருக்குன்னாங்க. நான் காபி வாங்கிட்டு வந்து கொடுத்தேன். ரெண்டு பேரும் குடிக்கலை.

ஒரு மணி இருக்கும், நர்ஸ் வெளியில வந்து, "இங்க நிக்கிறவங்கள்ல யாராவது ஓ நெகட்டிவ் இருக்கீங்களா?"ன்னு சத்தமாக் கேட்டாங்க. எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். தங்கையன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தான்.

ஆமாங்க, அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்தன். சனிக்கிழமை கூட்டத்துல எழுந்து நிக்கப்போறதா இருந்த ஆளும் நான்தான். வராந்தாவுல ஏன் சொல்லலைன்னா, யோசிச்சுப் பாருங்க. நான் ஓ நெகட்டிவ்னு சொன்னா, அப்ப பட்டியல்ல ஏன் உன் பேரு வரலைன்னு அடுத்த கேள்வி வரும். அவன் ஒரு பார்வையில தப்பைக் கண்டுபிடிக்கிறவன். தஞ்சாவூர்லேருந்துதான் ரத்தம் வந்துக்கிட்டிருக்குன்னாங்களே, வந்துடும்னு நினைச்சேன். ரெண்டே காலுக்கு அக்கா போயிடுச்சு. ரத்தம் மூணு மணிக்கு வந்துச்சு.

போட்டியிலேருந்து தங்கையன் விலகிட்டான். பம்பாய் எனக்குக் கிடைச்சுது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். எல்லாரும் போனப்புறம் அவன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏழு எப்படிடா ஒண்ணுமில்லாமப் போச்சு? என் புரோகிராம்ல எங்கேயோ தப்பிருக்கு. எனக்கு இப்ப கண்ணு தெரியலை, நீ பார்த்துச் சொல்லு"ன்னான். அந்தக் கேள்வியோட அவனை வாழ விடுறது பாவம்னு எனக்குப் பட்டுது. ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்துட்டு, நாப்பத்திமூணாவது வரியைக் கோடு போட்டுக் காட்டினேன். அது சரியான வரிதான். அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அப்புறம் மெதுவாத் தலையை ஆட்டி, "ஆமாம்டா, நான்தான் கொன்னுட்டேன்"னான்.

நான் அவனைத் தேத்தினேன். மனுஷன்னா தப்பு வரும்டான்னு சொன்னேன். பரீட்சை எழுதாம ஜீயபுரத்துக்குப் போயிட்டான். அக்கா குழந்தைங்க ரெண்டையும் அவன்தான் வளர்க்கிறான். கல்யாணம் பண்ணிக்கலை. வருஷா வருஷம் பொங்கலுக்கு எனக்கு ஒரு தார் பழம் கொடுத்தனுப்புவான். அக்கா சாவுக்குக் கடைசி வரைக்கும் கூட நின்னவன்னு ஊர்ல என்னைப் பத்திச் சொல்லுவானாம்.

போன மாசம் பழைய அட்டையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னாங்க. பேட்ரிசியா கட்டைப் பிரிச்சப்ப ஏழு அட்டையில துளை இருக்கு, மேல எழுத்தில்லைன்னு பார்த்திருக்காங்க. தான் அடிச்ச அட்டை தனக்குத் தெரியாதான்னு நேரா ஜீயபுரத்துக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க வேலையில அவங்க கெட்டிக்காரி, அதை நான் எப்பவும் சொல்லுவேன்.

தங்கையன் என்னைப் பார்க்க வரலை. நேரா உங்ககிட்ட வந்துட்டான்னு கேட்டப்ப எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செஞ்சது நான்தாங்க. பிளேடு எடுத்தது நான். ஒத்துக்கிறேன், கையெழுத்தும் போடுறேன். ஆனா ஒரு பக்கத்தை மட்டும் எழுதினா நியாயமில்லை. அந்த வருஷம் ஜூன்லேருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் ரத்தம் கொடுத்துக்கிட்டு வரேன், ஒண்ணு விடாம. ஓ நெகட்டிவ் எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்கே தெரியும். இதுவரைக்கும் பத்துத் தடவை ஆச்சு. பத்து உசுரு. சந்திரம்மா அக்காவைக் கழிச்சாலும் ஒன்பது மிச்சம் இருக்குங்க.