சிந்தாத கஞ்சி

எனக்குக் கஞ்சி பிடிக்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் மட்டும்தான் எங்கள் வீட்டில் கஞ்சி கொடுப்பார்கள். அதனால் அந்த வாசனை வந்தாலே உடம்பு சுகமில்லாதது போல ஆகிவிடும். ஆனாலும் பதினோரு வருடமாக ஒவ்வொரு காலையும் ஒரு பாத்திரம் கஞ்சி குடித்து வருகிறேன். பக்கத்து வீட்டு சுமா கொண்டுவந்து வைப்பாள். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதுமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். உங்களுக்கு அவளைத் தெரியாது என்பது எனக்கு ஒரு வசதி.

என் பேர் அய்யாசாமி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இல்லை. மனைவி அழகம்மாள் மட்டும்தான்.

அழகம்மாளுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. முதலில் கால்விரல் ஒன்று போயிற்று, பிறகு பார்வை மங்கியது, பிறகு கட்டிலே கதி என்றாயிற்று. கை நடுங்கும். ஆனாலும் கஞ்சியைத் தானேதான் குடிப்பாள், ஊட்டவிட மாட்டாள். பாதி நெஞ்சிலும் போர்வையிலும் சிந்தும். நான் துணி மாற்றிவிடுவேன். அவளுக்குப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, என்றால் உயிர். நான் வேலை முடிந்து வரும் வழியில் சாயாக்கடையில் ஒன்று தின்றுவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். அப்படியும் என் கையைப் பிடித்து மோந்து பார்த்து, "இன்னைக்கு நல்லாப் பழுத்த பழம் போலிருக்கே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் கையைக் கழுவாமல் வந்திருக்கிறேன். நான் அவள்மேல் அன்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

தினமும் காலையில் அவளுக்கு ஊசி போட வேண்டும். அதைச் செய்தவள் சுமா. அவள் அம்மா மூக்கம்மாள் சுக்குக் கிடங்கில் புடைத்துப் பொறுக்கும் வேலை செய்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மகளை நர்சிங் படிக்க வைத்தாள். சுமா ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் வேலை உறுதியாகி, பாஸ்போர்ட் வந்ததும் முதலில் அழகம்மாளிடம்தான் கொண்டுவந்து தடவிப் பார்க்கச் சொன்னாள். எங்களிடம் அவள் காசு வாங்கியதில்லை. ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது தினமும் ஒரே பாட்டு பாடுவாள்.

"மாமா, அரை மணிக்கூர்ல அத்தைக்குக் கஞ்சி குடுத்துரணும், கேட்டீங்களா. வியர்த்தாலோ பேச்சு குழறினாலோ முதல்ல பஞ்சாரையை வாயில போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மோளே" என்பேன். அந்த அவசரத்துக்கென்றே ஒரு குப்பி நிறையச் சீனியைக் கட்டிலின் தலைமாட்டில் அவள் வைத்திருந்தாள்.

அந்தக் காலத்தில்தான் நான் இரட்சிக்கப்பட்டேன். சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஜெப ஹால். படியேறும்போதே சுக்கு நெடி மூக்கில் ஏறும். பாஸ்டர் மலையாளி, எங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். நல்ல மனிதர். நோய் தீரும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மனந்திரும்புதல் என்றால் ஹாலில் உட்கார்ந்து கண்ணீர் விடுவதல்ல, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் வாசலுக்குத் திரும்பிப் போய் நிற்பது. அதற்கு மற்றவர்களைவிடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்.

ஞாயிறுதோறும் ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொல்வார்கள். ஒருவருக்குக் குடி விட்டது, ஒருவருக்கு வயிற்றுவலி போனது, ஒருவருடைய மகன் வீடு திரும்பினான். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறு நானும் எழுந்து, "அடுத்த ஞாயிறு என் மனைவி இந்தப் படி ஏறி வந்து இங்கே நின்று சாட்சி சொல்வாள்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஹாலே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. ஜெபம் முடிந்ததும் பாஸ்டரிடம், நாங்கள் இருவரும் உபவாசம் இருக்கலாமா என்று கேட்டேன்.

"சுகமில்லாதவங்க உபவாசம் எடுக்கண்டா பிரதர். அவங்க சாப்பிடட்டும். நீங்க ஜெபிச்சா மதி" என்றார். நான் ஜெபித்தால் போதும் என்று தெளிவாகத்தான் சொன்னார். அவர்மேல் குறை சொல்வதற்கில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஹர்த்தால். பந்த் நடத்தக் கூடாதென்று கோர்ட் சொன்ன பிறகு அதற்கு ஹர்த்தால் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் எதற்கும் பேரை மாற்றினால் போதும். பஸ் இல்லை, போட் இல்லை, கடை இல்லை. முந்தின நாள் மாலையே நான் சீனிக் குப்பியை எடுத்து அடுப்படியில் மேல் தட்டில் வைத்துவிட்டேன். விசுவாசத்தோடு ஜெபிக்கிற இடத்தில் அவிசுவாசத்தின் குப்பி எதற்கு என்று தோன்றியது.

சுமா வந்து ஊசி போட்டாள். கஞ்சியை அவளே பாத்திரத்தில் ஊற்றி, மேலே பயறு வைத்து மூடினாள். "இன்னைக்கு நடந்துதான் போகணும் மாமா, நேரமாச்சு" என்று பாதிப் பாட்டோடு ஓடினாள்.

நான் அழகம்மாளிடம், உச்சி ஜெபம் முடிகிறவரைக்கும் இருவரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்றேன். "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். பிறகு, "பசிக்குதுங்க" என்றாள். பொறு என்றேன். "ரெண்டு வாய் மட்டும்" என்றாள். "ஆண்டவரைவிடக் கஞ்சி பெரிசாப் போச்சா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவளுக்கு வியர்த்தது. தலையணை நனைந்தது. கைகள் உதறின. பிறகு பேசத் தொடங்கினாள்; அது தமிழுமில்லை, மலையாளமுமில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. ஆவி இறங்கும்போது எங்கள் ஹாலில் சிலர் அந்நியபாஷை பேசுவார்கள். அழகம்மாளுக்கும் அந்த வரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். சுமா தினமும் சொன்னது உனக்கு நினைவு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. சத்தம் வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்தினேன்.

பிறகு அவள் அமைதியானாள். நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். உச்சி ஜெபம் முடித்து, ஆமென் சொல்லி, அவள் கையைத் தொட்டபோது கை சில்லிட்டிருந்தது.

அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவள் கையை எடுத்து மோந்து பார்த்தேன். மருந்து வாசனைதான் இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த துக்கம் உண்மையானது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகுதான் கஞ்சிப் பாத்திரம் கண்ணில் பட்டது. மூடினது மூடினபடி இருந்தது. திறந்தேன், ஆடை படிந்திருந்தது. எங்கள் தெருவில் ஒருவேளைக் கஞ்சிக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள், அன்னத்தைக் கீழே கொட்டக் கூடாது என்று நினைத்தேன். அது ஒரு காரணம். பாத்திரம் நிறைந்திருந்தால் கேள்வி வரும் என்பது இன்னொரு காரணம். நின்றபடியே குடித்தேன். அடியில் கிடந்த பயறை விரலால் வழித்துத் தின்றேன். சீனிக் குப்பியை அடுப்படியிலிருந்து கொண்டுவந்து தலைமாட்டில் பழைய இடத்தில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். அதன் பிறகு கதவைத் திறந்து மூக்கம்மாளைக் கூப்பிட்டேன்.

தெருப் பையன்கள் ஓடிப்போய்ச் சொல்ல, சுமா மூச்சிரைக்க வந்தாள். பக்கத்துத் தெரு டாக்டரும் நடந்தே வந்தார். சுமா அழகம்மாளைப் பார்த்தாள், காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"குடிச்சாங்களா மாமா?"

"குடிச்சா."

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது. ஒரே ஒரு சொல். டாக்டர் நனைந்த தலையணையைத் தொட்டுப் பார்த்து, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டிருக்கிறது, சாப்பிட்டும் இறங்கியது என்றால் மருந்தின் அளவு கூடியிருக்கும் என்றார். சுமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவசரத்துல... கூட எடுத்துட்டேனா..." என்றாள். அவள் எடுத்தது சரியான அளவுதான். ஒரு நாளும் அவளுக்குக் கை தவறியதில்லை.

போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். உடலைப் பரிசோதித்தால் வயிற்றில் ஒரு பருக்கை இருக்காது என்பது எனக்குத் தெரியும். நான் எழுந்து போய், எல்லோரும் பார்க்க, சுமாவின் தலையில் கை வைத்தேன். "கேசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் மன்னிச்சுட்டேன்" என்றேன்.

வாசலில் நின்ற கூட்டம் முழுக்க அழுதது. மூக்கம்மாள் என் காலில் விழுந்தாள். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. குற்றம் சாட்டியிருந்தால் சுமா மறுத்துப் பேசியிருப்பாள், யாராவது விசாரித்திருப்பார்கள். மன்னிப்பை யார் மறுப்பார்கள்?

அந்த ஞாயிறு நான் மட்டும் படியேறிப் போய்ச் சாட்சி சொன்னேன். கைதட்டல் இல்லை, அழுகைதான். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு பள்ளுருத்தியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், இடப்பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசுவேன். சில சமயம் சுமாவையும் அழைத்துப் போவேன். முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். வரமாட்டேன் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவள் குவைத்துக்குப் போகவில்லை. "இந்தக் கையால இனி யாரையும் குத்த மாட்டேன் மாமா" என்று அம்மாவோடு சுக்குக் கிடங்குக்குப் போகத் தொடங்கினாள். பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். மூக்கம்மாள் அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தாள். அழகம்மாளை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு காலை சுமா கஞ்சியோடு வந்து நின்றாள். "அத்தைக்குக் கடைசியா ஊத்தினது நான்தானே. இனி உங்களுக்கு ஊத்தறேன்" என்றாள். அன்றையிலிருந்து குடிக்கிறேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது; பிடிக்காத கஞ்சியைத் தினமும் குடித்து என் பங்கை நானும் கழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் மனந்திரும்பாதவனும் அல்ல. ஒருமுறை பாஸ்டரிடம் தனியாகப் போய், அழகம்மாள் இறந்த அன்று நான் உபவாசத்தை முறித்துச் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "அதெல்லாம் ஆண்டவர் கணக்குல வெக்க மாட்டார் பிரதர்" என்றார். மனசு லேசானது. கொஞ்ச காலம் நன்றாகத் தூக்கம் வந்தது.

போன மாதம் ஒரு காலை சுமா கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவளுக்கு அதற்கு அடுத்த வாரம் ஞானஸ்நானம். எடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் தாங்கள் தீங்கு செய்தவர்களின் வாசலுக்குப் போய் வர வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

"மாமா, ஒரு காரியம் பறையணும்" என்றாள். "அன்னைக்கு நான் அத்தையோட சேலையைப் பார்த்தேன். அத்தை குடிச்சா எப்பவும் சிந்தும்ல, நெஞ்சுல, போர்வையில. அன்னைக்குக் காலையில பார்த்த அதே சேலை, ஒரு துளி இல்ல. அத்தை குடிக்கவே இல்ல, மாமா பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தோணிச்சு. என் தப்பை உங்க தலையில வெக்கப் பார்த்த மனசு மாமா இது. கஞ்சி ஊத்தறப்பெல்லாம் தோணும். என்னை மன்னிச்ச மனுஷனைப் போய் இத்தனை வருஷம் சந்தேகிச்சிருக்கேன். இந்தப் பாவத்தோட தண்ணியில முங்க முடியாது. நீங்க மன்னிக்கணும்."

எல்லாவற்றையும் சரி செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். சேலையை மறந்துவிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் யார் வாசலுக்கும் திரும்பிப் போக வேண்டியதில்லை; அவளே என் வாசலுக்கு வந்து நிற்கிறாள். காதோரம் நரைத்திருந்தது. நகக்கண்களில் சுக்குத் தூள். சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். போன வருடங்கள் வருமா, மூக்கம்மாள் வருவாளா? என் மனப்பாரத்தை இறக்கி அவள் தலையில் ஏற்றுவது சுயநலம் இல்லையா? அவளுக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு. அது என்னிடம் இருந்தது.

அவள் தலையில் கை வைத்தேன்.

"சாரமில்ல, போகட்டும் மோளே. அதையும் மன்னிச்சுட்டேன்."

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாஸ்போர்ட் வந்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடும், குடிங்க மாமா" என்றாள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு துளி சிந்தாமல் குடித்தேன்.