"நிறுத்து" என்ற சொல்லுக்குக் காது கொடுத்த பியோ கியோங்-ஓக் அம்மையாருக்கு

முப்பத்தாறு ஆண்டுகள் மூன்றாம் மாடிக் குழந்தைகள் பிரிவில் முகம் சுளிக்காமல் நின்றவரே! வலிக்காது என்று ஒரு பிள்ளையிடமும் வாய்தவறியும் சொல்லாதவரே! மோக்போ நகரத்துத் தாய்மார் கண்ணீரோடு நினைக்கும் தலைமைச் செவிலியரே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்!

ஊசி போடும்போது பிள்ளைகளை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. உங்களை நான் முதலில் நம்பவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடுமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் நீங்கள் ஓர் ஒப்பந்தம் பேசுவீர்கள்.

"வலிக்கும்டா. ஊசி உள்ள போயிட்டா நிறுத்த முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு தடவை 'நிறுத்து'ன்னு சொல்லலாம். எல்லாரும் கையை எடுத்துருவோம்."

"அம்மா, எந்தப் பிள்ளையும் நிறுத்துன்னுதான் சொல்லும். பொழுது விடிஞ்சிரும்" என்றேன்.

"பாங் ஐயா, நீங்க கையை மட்டும் எடுங்க. மிச்சத்தைப் பிள்ளை பாத்துக்கும்."

பொமி என்ற ஆறு வயதுப் பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய். முதல் ஊசியன்று அவள் "நிறுத்து" என்றாள். "ஒரு நொடிதான், பிடிங்க" என்றார் டாக்டர். நான் பிடித்தேன். சீக்கிரம் முடிந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். அவள் அழவே இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே படுக்கையை நனைத்தாள். உங்கள் கையால் பார்லித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய், அவள் கட்டிலுக்கு முன் தரையில் மண்டியிட்டு, நெற்றி படக் குனிந்தீர்கள்.

"நீ நிறுத்தச் சொன்ன. நாங்க நிறுத்தல. தப்பு எங்களோடது."

நானும் குனிந்தேன்.

"தாத்தா முட்டி சத்தம் போடுது" என்றாள் பொமி.

"வயசாச்சும்மா."

"தாத்தா பொய்யர்."

"ஆமா" என்றேன்.

அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் முகத்துக்கு நேரே சொன்னீர்கள்: "அவ நிறுத்துன்னா ஊசி தட்டுக்குத் திரும்பணும். முடியாதுன்னா வேற நர்ஸைக் கூப்பிடுங்க."

மருந்துப் பஞ்சு முதுகில் பட்டதும் பொமி "நிறுத்து" என்றாள். ஊசி தட்டில் விழுந்தது. துப்பாக்கிக் கொள்ளையனிடம் மாட்டிக்கொண்டவர்களைப் போல எல்லோரும் கையைத் தூக்கி நின்றோம். அவள் திரும்பி ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். என் கையைக் கடைசியாக, வெகுநேரம் பார்த்தாள். பிறகு தானே சுருண்டு படுத்தாள்.

"தாத்தா, இப்பப் பிடி."

ஊசி வலித்தது, கத்தினாள். அதன்பின் நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் என் கையைத் தானே இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். இலையுதிர் காலத்தில் செத்துப்போனாள். நோயையும் நீங்கள் நிறுத்தவில்லை, வலியையும் நிறுத்தவில்லை. இந்த மேடையில் அதை மறைத்துப் புகழ்ந்தால் உங்களுக்கே பிடிக்காது.

நாளைக் காலை பத்து மணிக்கு நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசி. டாக்டர் புதியவர். உங்கள் ஒப்பந்தம் எந்தத் தாளிலும் இல்லை. எங்கள் கைகளில் இருக்கிறது, காப்பாற்றுவோம்.

நெடுங்காலம் நோயின்றி வாழ்க, அம்மையே! என்றாவது ஒருநாள் உங்கள் உடம்பிலும் ஊசி ஏற வேண்டி வந்தால், "நிறுத்து" என்று நீங்கள் சொன்னதும் கையை எடுக்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்!

மூன்றாம் மாடி ஊழியர்கள் அனைவருக்காகவும்,
பிள்ளைகளைப் பிடிக்கும் பாங் தல்-சூ