பெயரில்லாதவன் நின்ற பாறை

என் மகளை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன். நீங்கள் தெற்கிலிருந்து வந்த போலீஸ்காரர், சிரித்தால் தப்பில்லை. கிரீன்லாந்தின் இந்த வடகோடியில் செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்போம். வைத்துவிட்டால் செத்தவரே திரும்பி வந்ததாக அர்த்தம். என் மாமியார் அவளை மகனே என்கிறாள். என் மனைவி அமாலியா அண்ணா என்கிறாள். கடல்நாய்க் கறியில் முதல் துண்டு அவளுக்குத்தான். ஆறு வயதில் அந்த மரியாதையை நன்றாகவே அனுபவிக்கிறாள்.

அவள் பெயர் கில்லாக். அமாலியாவின் அண்ணன் பெயர்.

அவன் நல்ல வேட்டைக்காரன். வாயும் குறி தப்பாது. ஊர் கூடிக் காபி குடிக்கும்போது, "என் தங்கச்சி வீட்டுக்குக் கறி நான் போடறேன். மச்சான் காபி போடட்டும், அது ஓடாது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் பகை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஆளுக்கொரு தோல்படகில் வேட்டைக்குப் போனோம். மூடுபனி இறங்கியது, பிரிந்துவிட்டோம். நான் மட்டும் ஊர் திரும்பினேன். மறுநாள் அவனுடைய படகு கவிழ்ந்து மிதந்து வந்தது. கடலுக்குள் நீண்ட நிலமுனைக்கு அப்பால் பனிக்கட்டி அடைத்துக்கிடந்ததால் இந்தப் பக்கம் மட்டும் தேடினோம். எங்கள் கடலின் குளிரில் விழுந்தவன் பிழைக்கமாட்டான், தேடுவதே மனசு ஆறத்தான். சில நாளில் குழந்தை பிறந்தது. பால் குடிக்கவில்லை. மாமியார் குனிந்து அதன் காதில் கில்லாக் என்று சொன்னதும் குடித்தது. பட்டினி கிடந்த மாமியாரும் எழுந்து சூப் வைத்தாள்.

பனி விலகியதும் நான் தனியாக மோட்டார் படகில் முனையைத் தாண்டி, அந்தப் பாறைத்தீவுக்கு வாத்துகள் கூட்டில் விட்டுப்போன இறகு எடுக்கப் போனேன். ஆள் வசிக்காத இடம். பாசியும் பறவை எச்சமும்தான்.

அங்கே கில்லாக் நின்றுகொண்டிருந்தான்.

மிதந்த பனிக்கட்டியில் தொற்றி அங்கே ஒதுங்கி, முட்டை தின்று பிழைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. வாய் மட்டும் மாறவில்லை. "குஞ்சுங்ககூட நீந்தக் கத்துக்கிச்சு மச்சான். நீ இப்பத்தான் வர்றே" என்றான்.

நான் மோட்டாரை அணைக்கவில்லை. மகள் பிறந்ததைச் சொன்னேன். அவன் பெயரை வைத்துவிட்டதையும் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

"அப்ப நான் யாரு மச்சான்?"

நியாயமான கேள்வி. அவனை ஏற்றிக்கொண்டு போனால் குழந்தையிடமிருந்து பெயரைப் பிடுங்கவேண்டும். பெயர் போன குழந்தை தங்காது. கில்லாக் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் பாறையில் நின்றது யாரும் இல்லை. படகைத் திருப்பினேன். பின்னால் சத்தம் கேட்டது. அங்கே பறவைகள் அதிகம்.

போன குளிர்காலத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்த என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் மச்சான் படகைத் திருப்பினே?" என்று கேட்டாள். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. "மகனுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது" என்று மாமியார் அவள் தலையைத் தடவினாள். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன். அதன் பிறகு அவள் என் படகில் ஏறுவதில்லை. நான் கிளம்பும்போதெல்லாம் கரையில் நின்று, மறையும்வரை பார்க்கிறாள்.

பாறையில் கிடைத்த எலும்புகளைப் புதையுங்கள். என்னைக் கொண்டுபோங்கள். கல்லறைச் சிலுவையில் பெயர் மட்டும் எழுதவேண்டாம். அது என் மகளுடையது. எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன்.

மூடுபனியில் அவன் கூப்பிடவே இல்லையா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டான். "கவுந்துட்டேன் மச்சான், இங்க வா" என்றான், மிகப் பக்கத்திலிருந்து. நான் துடுப்பைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, குரல் ஓயும்வரை அசையாமல் இருந்தேன்.

அப்போது என் மகள் பிறந்திருக்கவில்லை. பெயர் அவனிடம்தான் இருந்தது.