அடுத்த இதழில் வந்த திருத்தம்

பழைய பத்திரிகைகளை அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது, ஈரச் சுவரோரமும் வைக்கக்கூடாது. என் வீட்டு நிலவறையைச் சோதனை போட்ட உங்கள் ஆட்கள் அவற்றைச் சில்லென்ற தரையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் அவற்றை எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள் ஐயா. மற்றதைப் பிறகு பேசலாம்.

எல்லாம் என் அப்பா காலத்துத் துப்பாக்கிப் பத்திரிகைகள், ஆண்டு மலர்கள். நீங்கள் இளவயதுக்காரர், அந்தச் சுகம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பென்சில்வேனியாவில் வேறென்ன வேலை? பெரிய குண்டுதான் மானைச் சாய்க்கும் என்று ஒருவர் எழுதுவார். அடுத்த மாதமே இன்னொருவர் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். இருவரும் செத்து மண்ணாகிவிட்டார்கள். சண்டை மட்டும் என் மடியில் சூடு ஆறாமல் நடந்துகொண்டிருக்கும். தபாலில் துப்பாக்கி வரவழைக்கும் விளம்பரங்களைக்கூட ஒரு வரி விடாமல் படிப்பேன். நான் சுட்டது கொஞ்சம், படித்ததுதான் அதிகம்.

விர்ஜில் ரம்பார்கர் படிக்கிற ரகமில்லை. என் தங்கை லோர்னாவின் கணவன் என்பதால் அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். துப்பாக்கி சுட்டுப் பழகும் எங்கள் சுடுகளச் சங்கத்து நண்பர் ஒருவர் இறந்தபோது, லாரி வைத்திருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய பத்திரிகைச் சேகரிப்பு முழுவதையும் அவர் மனைவி இவனிடம் தள்ளிவிட்டார். இவன் என்ன செய்தான் தெரியுமா? வண்ண விளம்பரங்களைப் பிளேடால் அறுத்தெடுத்துச் சட்டம் போட்டுச் சந்தையில் விற்றான். மிச்சத்தைப் பெட்டி பெட்டியாக அடுப்பில் போட்டுவந்தான்.

“இதையெல்லாம் யாரு மச்சான் படிக்கப் போறா? படந்தான் காசு. உன் வீட்டுக் கக்கூஸ்ல ஒண்ணு மாட்டித் தரட்டுமா?” என்றான்.

நானும் சிரித்தேன். எனக்குப் பொறுமை அதிகம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விர்ஜில் தன் தோட்டாக்களைத் தானே வெடிமருந்தடைத்துத் தயாரிப்பவன். எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கூடவே ஒரு மூட நம்பிக்கையும் உண்டு.

“இப்ப வர்ற கையேடெல்லாம் வக்கீலுங்க எழுதுறது மச்சான். கேஸ் வந்துடுமோன்னு பயந்து பயந்து அளவைக் குறைச்சுப் போடுறானுங்க. அந்தக் காலத்து ஆம்பளைங்க போட்ட அளவு உன்கிட்ட இருக்கா?” என்று கேட்டான் விர்ஜில்.

இருந்தது. அவனுடைய துப்பாக்கிக்கான மருந்தளவு அட்டவணை வந்த இதழைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த அட்டவணையில் ஓர் எண் தவறுதலாக, துப்பாக்கி தாங்காத அளவுக்குக் கூடுதலாக அச்சாகியிருந்தது. ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு அது தெரியும், ஏனென்றால் அடுத்த மாத இதழிலேயே ஆசிரியர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போட்டிருந்தார்.

நான் அதை மறைக்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அடுத்த இதழ் விர்ஜிலிடமே இருந்தது. இரண்டு காலில் எழுந்து நிற்கும் கரடியின் வண்ணப் படம், அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் அந்தத் திருத்தம். படத்தை அறுத்துச் சட்டம் போட்டு, மருந்தடைக்கும் மேசைக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டியிருந்தான். என் பிரதியில் அதே படம் இருந்ததால் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. எச்சரிக்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த முட்டாள் அதன் கீழேயே நின்று தோட்டாக்களை நிரப்பினான். ஒரு முறை புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை எல்லோரும் குறி சரிபார்க்கச் சுடுகளத்துக்குப் போனோம். நானும் கையில் ஓர் ஆண்டு மலரோடு போய்க் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விர்ஜில் துப்பாக்கியை மேசையில் வைத்தான். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான்.

“லோர்னா, நீ சுடு. இந்த வருஷம் மான் உனக்குத்தான். உனக்காகத்தான் ராப்பகலா உக்காந்து அடைச்சேன்.”

அவள் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாள். கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

“என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப்போச்சு? குளுருதா?”

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். திறந்து என்ன சொல்வது? தெரிந்தே கொடுத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லவா? அன்று மாலையே மிச்சமிருந்த பெட்டிகளையும் அவன் கொளுத்தியிருப்பான். அவளும் ஒன்றும் அறியாதவளல்ல. அவன் படங்களுக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுத்தவள் அவள்தானே.

“ஒண்ணுமில்லம்மா. நீ சுடு” என்றேன். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி பின்பக்கமாக வெடித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் லோர்னா போய்விட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். தங்கை மேல் பாசம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லாமலா? அவள் சவப்பெட்டிக்கு முன்னால் அந்த விர்ஜில், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், குத்துக்கல்லாட்டம் நின்று அழுதுகொண்டிருந்தான். என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் நடந்த அநியாயம் அது ஒன்றுதான்.