கையாட்டியவர்களைச் சுட்டார்கள்

என் தம்பி தேசிங்கு செத்ததில் உனக்குப் பங்கு இருக்கிறது. சுட்டவன் எவன் என்று எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும்.

கடலில் இருக்கிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. பங்குனி முடியப்போகிறது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. மரக்காணத்துக்குக் கிழக்கே, கரை கோடாகத் தெரிகிற தூரம். ஒரு கட்டுமரம். நான், தேசிங்கு, எங்கள் தங்கை புருஷன் அஞ்சாப்புலி. வலை பாதி தண்ணீரில். சத்தம் முதலில் வண்டு மாதிரி கேட்கிறது. பிறகு ரைஸ்மில் மாதிரி. பிறகு காதில் வேறு எதுவும் இல்லை.

பக்கத்தில் பொம்மையார்பாளையத்துக்காரர்களின் கட்டுமரம். அவர்கள் கத்துகிறார்கள்.

"குதிங்கடா! ஜல்தி குதிங்க!"

அவர்கள் குதித்துவிட்டார்கள். நாங்கள் குதிக்கவில்லை. இறக்கையில் சிவப்பு வட்டம் தெரிந்தது. தேசிங்கு எழுந்து நின்றான். தலைத்துண்டை அவிழ்த்து வீசினான்.

"பொட்டிக்காரரு ஏரோப்ளேன்டா! இந்தாண்ட! இந்தாண்ட வா!"

அஞ்சாப்புலி சிரித்தான். "கயிறு வுடுவாங்க, புடிச்சிக்கினு தொங்கு மச்சான். மீன நான் பாத்துக்கறேன்."

நானும் கையாட்டினேன்.

தண்ணீரில் ஒரு கோடு வந்தது. தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கோடு எங்கள் மேல் ஏறிப் போனது.

வளர்ந்த ஆம்பிளைகள் மூன்று பேர் ஏன் கையாட்டினோம்? நீ பழக்கினாய்.

முப்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் பையன்களாக இருந்தபோது, நீ ஜப்பானிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தாய். எனாமல் கோப்பை விற்க. சைக்கிள் பின்னால் மரப்பெட்டி. சந்தை நாளில் புளியமரத்தடியில் நிறுத்துவாய். இரண்டு கட்டையைத் தட்டுவாய். பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே படம். நீ வரைந்த அட்டைகள். ஒவ்வொன்றாக உருவி, அரைகுறைத் தமிழில் கதை சொல்வாய். உன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பொட்டிக்காரர் என்றோம்.

உன்னிடம் மிட்டாய் வாங்கிய பிள்ளைகள்தான் முன்னால் உட்காரலாம். அது உன் ஊர் வழக்கமாம். எங்கள் அம்மா கருவாடு விற்க வருவாள். நாங்கள் மிட்டாய் வாங்கியதே இல்லை. ஆனால் எங்களைத்தான் முன்னால் உட்காரவைத்தாய். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். நீ பிடிக்கவில்லை. "நானும் மீன்காரன் பையன்" என்றாய். அதனால்தான் நம்பினோம்.

என்னையும் தேசிங்கையும், எங்களோடு சுற்றிய அஞ்சாப்புலியையும் உட்காரவைத்து வரைந்தாய். மூன்று பையன்கள், ஒரு கட்டுமரம், காற்று இழுத்துக்கொண்டு போகிறது. கடைசி அட்டையில் விமானம் வரும். இறக்கையில் சிவப்பு வட்டம். அதிலிருந்து பையன்களைத் தூக்கிக் காப்பாற்றக் கயிறு இறங்கும். அந்த அட்டை வந்ததும் எல்லாரும் எழுந்து கையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் கயிற்றைக் காட்டுவாய். வாராவாரம் ஆட்டவைத்தாய். தேசிங்குதான் முதலில் எழுவான்.

சண்டை வருவதற்கு முன்பே நீ உன் ஊருக்குப் போய்விட்டாய். பழக்கம் எங்களிடம் இருந்தது.

அஞ்சாப்புலி தண்ணீரில் விழுந்தவன் மேலே வரவில்லை. பொம்மையார்பாளையத்துக்காரர்கள் எங்களைக் கரை சேர்த்தார்கள். என் இடது கையில் இரண்டு விரல் இல்லை. தேசிங்குக்குத் தொடையில். மாட்டு வண்டியில் திண்டிவனம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை. விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே ரயிலில் வருகிறது. பாய், குண்டான், தையல் மெஷின், கூண்டில் கிளி. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

"எடம் இல்லய்யா! ஏறாத! பேஜாரு பண்ணாத!"

"அடிபட்டவங்க. ஏரோப்ளேன் சுட்டுட்டுது."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆள் சிரித்தான். "கதை வுடாத. மெட்ராஸ்லியே குண்டு வுழல. எங்கியோ வெட்டுக்குத்துல மாட்டிக்கினு வந்து ஏரோப்ளேனாம்."

விமானத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள். விமானம் சுட்டவனை நம்பவில்லை. கத்திப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. கிளி வைத்திருந்த பெண் மட்டும் நகர்ந்து இடம் விட்டாள்.

தேசிங்கு என் மடியில் படுத்துக்கொண்டு உனக்காக வக்காலத்து வாங்கினான்.

"ஆளு தெரியாம சுட்டுட்டானுங்கண்ணே. பொட்டிக்காரரு இருந்திருந்தா வுட்டிருக்க மாட்டாரு."

"பேசாம படுடா."

"இன்னும் ஒசரமா கையாட்டி இருக்கணும்."

விக்கிரவாண்டி தாண்டியதும் பேச்சு நின்றது. விழுப்புரம் பிளாட்பாரத்தில் இறக்கும்போது உயிர் இல்லை.

அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. விழுப்புரத்தில் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினேன். நாற்பத்தேழில் ஒரு நாள் முகையூர்க்காரர் ஒருவர் ரயிலுக்குக் காத்திருந்தார். சண்டை முடிந்ததும் ஜப்பானுக்குக் காவலுக்குப் போன பட்டாளத்துக்காரர். அவர் மகள் ஒரு படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எங்கள் கட்டுமரம். பிடுங்கிவிட்டேன்.

"இன்னாய்யா, பச்சப்புள்ள கையிலேர்ந்து புடுங்கற?"

"இத எழுதுனவரு யாருங்க?"

"அங்க இவர தெரியாத புள்ள கெடையாது. சைக்கிள்ல பொட்டி கட்டிக்கினு ஊரூரா கதை சொன்ன ஆளாம். இப்ப வூட்டுக்கு வூடு இவரு பொஸ்தகம்தான். சண்டை நேரத்துல ஸ்கூலு ஸ்கூலா குடுத்தாங்களாம். இது புதுசா அச்சடிச்சது. ரொம்ப நல்லவராம்."

நல்லவர்தான். மீன் நாற்றத்துக்கு முகம் சுளிக்காதவர். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் நாங்களும் குதித்திருப்போம்.

கடைசிப் பக்கம் திருப்பினேன். அஞ்சாப்புலியின் சப்பை மூக்கு. தேசிங்கின் பிளந்த காது. மூன்று பேரும் கையாட்டுகிறோம். மேலே விமானம் இல்லை. வெள்ளைப் பறவை ஒன்று பறக்கிறது. அதன் வாயில் கயிறு.

பறவைக்கு எதற்குக் கயிறு? விமானத்தை எடுத்தவன் கயிற்றை எடுக்க மறந்துவிட்டாய். அந்த விமானங்கள் என்ன செய்தன என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பறவை வரைந்தாய். எங்களை மட்டும் அப்படியே கையாட்டவிட்டாய்.

போனவர்களைச் சொல்கிறேன். அஞ்சாப்புலி. உடல் கிடைக்கவில்லை. என் தங்கை அப்போது மாசமாக இருந்தாள். அவள் பிள்ளைக்கு அப்பன் முகம் தெரியாது. தேசிங்கு. விழுப்புரத்தில், தெரிந்தவர் யாரும் இல்லாத மண்ணில் புதைத்தேன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கட்டுமரம் ஒன்று. வலை ஒன்று. என் விரல் இரண்டு. என் தொழில்.

விமானத்தை ஏன் எடுத்தாய்? எனக்குக் கடுதாசி போட வேண்டாம். ஆள் விட்டு வருத்தம் சொல்ல வேண்டாம். உன் ஊர்ப் பத்திரிகையில், உன் பெயர் போட்டு, உன் கதை படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பார்க்கும்படி பதில் எழுது.