கேசட் சால்வையின் முதல் வரிசை

ஹலோ... ஹலோ, மிக்லேனா? நெவெனா பேசுறேன், ரூஸே ஊர்லேருந்து. உன் மேல்வீட்டு நெவெனா... ஆமா, ஆமா, சால்வை பின்ன பை நிறைய பழைய கேசட் கொடுத்தேனே... வாழ்த்துச் சொல்லக் கூப்பிடலை கண்ணு. பேஷன் ஷோ ஆரம்பிச்சிடுச்சா?... அரை மணி நேரம் இருக்கா? அப்பாடா. மிக்லேனா, அந்தச் சால்வையை மேடைக்கு அனுப்பாத... இரு, இரு, சொல்றேன்...

சத்தமாப் பேச முடியாது. குளியலறையில நிக்கிறேன். அம்மா பால்கனியில குடமிளகா சுட்டுட்டு இருக்காங்க... நான் கொடுத்ததுல ஒரு கேசட் தப்பா வந்திடுச்சு. என் தம்பி ஓக்னியான் பேசினது... ஆமா, டான்யூப் ஆத்துல மூழ்கிப் போனானே, அவன்தான். இருபத்தாறு வருஷம் ஆச்சு... போட்டோ அலமாரி நிறைய இருக்கு. குரல் அது ஒண்ணுதான்...

நீளமா ஒண்ணுமில்ல, நாப்பது வினாடி. புது ரெக்கார்டர் வேலை செய்யுதான்னு பார்க்க, "அம்மா, குடமிளகா கருகுது, ஊர்க்கதையை அப்புறம் பேசு"ன்னு கத்துவான். அம்மா திட்டுவாங்க. அவன் சிரிப்பான். அவ்வளவுதான். அப்புறம் முழுக்கக் கல்யாணப் பாட்டு... வருஷா வருஷம் செப்டம்பர்ல, குடமிளகா சுடுற அன்னைக்கு மட்டும் கேட்பாங்க. இப்ப ரெக்கார்டரைத் துடைச்சு மேஜையில வெச்சிட்டு, "எங்கடி கேசட்"ங்கறாங்க...

இதோம்மா! தேடிட்டுதான் இருக்கேன்!

...அம்மாகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அதுக்குள்ள எப்படியாவது எடுத்துடணும்... தெரியும் கண்ணு, ஏழு மாசம் உட்கார்ந்து பின்னினே. நடுவருங்க எல்லாம் வந்திருக்காங்க, தெரியும்... ஐயோ, உன்னைக் குத்தம் சொல்லலை! டிராயரை அப்படியே உன் பையில கவிழ்த்தவ நான்தான். ஒரு குப்பை ஒழிஞ்சதுன்னு நெனச்சேன்...

கேசட் பேரா? பச்சை மையில, "ஸ்தோயன் கல்யாணம்"னு... என்னது? லேபிளை எல்லாம் உள்பக்கம் தெச்சு வெச்சிருக்கியா? எந்தக் கேசட் எங்க ஆரம்பிக்குதோ அங்கயேவா? மகராசி! பாரு, சீக்கிரம் பாரு...

கீழ இல்லையா?... தோள்ல?... கழுத்துலயா! முதல் வரிசையே அதுவா?... டேப்பை நறுக்கலையே? நூல் மாதிரி நீளமாவே வெச்சு குரோஷா ஊசியில பின்னினியா?... ஆண்டவரே. அப்ப முழுசா இருக்கு. கசங்கியிருந்தா பரவாயில்ல, நீவிச் சுத்திக்கலாம். அதைப் போட்டுட்டு நிக்கிற பொண்ணு கழுத்துலேருந்து மெதுவா கழட்டு...

இரு. அது என்ன சத்தம்? டக்குன்னு... இப்பவும் கேட்டுச்சு... பொத்தானா?... பொத்தானுக்குப் பதிலா காந்தமா?

...மிக்லேனா, எத்தனை காந்தம்?... ஆறா. பழைய ஸ்பீக்கர்லேருந்து எடுத்ததா. ஆறும் கழுத்துலயே...

இல்ல, அழலை... உனக்குத் தெரியாதா கண்ணு? காந்தம் பட்டா டேப்புல இருக்கிறது அழிஞ்சிடும். ஒருதரம் ஸ்பீக்கர்மேல கேசட்டை வெச்சேன்னு ஓக்னியான் என்னைக் கழுதைன்னான்... வேண்டாம், மன்னிப்புக் கேக்காத. நீ குப்பை இருந்தா கொடுங்கன்னே. நான் கொடுத்தேன்...

எத்தனை நாளா வெச்சிருக்கே?... மார்ச்லேருந்தா.

சரி... சரி, இதைச் சொல்லு. ஒரு காந்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு இடம்?... நாலு விரலா? அதைப் பிரிச்சா எவ்வளவு டேப்பு வரும்?... ஒரு முழமா? அப்ப ஒம்பது பத்து வினாடி... நடுவுல மட்டும் தப்பிச்சிருக்கலாம்ல? திட்டுறதா இருந்தாலும் சரி, பாதி வார்த்தையா இருந்தாலும் சரி...

கழுத்துப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துடவான்னா கேக்குறே?... அப்புறம் சால்வை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?... ஊக்கு குத்தியா? நடுவருங்க முன்னாடியா?... நான் கேக்கலை கண்ணு, நீயாத்தான் சொல்றே... வெட்டு... இரு, ஒரு நிமிஷம் இரு... இல்ல, வெட்டிடு.

...ம். கேட்டுச்சு. கத்திரிச் சத்தம் கேட்டுச்சு.

ஒண்ணுமில்லம்மா! போன்ல பேசிட்டிருக்கேன்!

...மிக்லேனா, கதவுக்கு வெளியவே நிக்கிறாங்க. "ஓக்னியான் பேரைச் சொல்லி யார்கிட்டடி அழுறே"ங்கறாங்க... ரெக்கார்டர் டேப்பை மென்னுடுச்சுன்னு சொல்லிடவா? பழைய மெஷின்தானே, நம்பிடுவாங்க...

ஆமா... ஆமா... நீ ஏழு மாச வேலையை வெட்டிட்டு நிக்கிறே, நான் இங்க பொய் தேடுறேன்...

இல்ல, அம்மாகிட்ட நீ பேச வேண்டாம். போனை அவங்ககிட்ட கொடுக்க மாட்டேன். தூக்கிக் கொடுத்தவ நான், நான்தான் சொல்லணும்... நீ வெச்சிடு கண்ணு, அந்தப் பொண்ணு காத்துட்டிருப்பா.

இரும்மா. தாழ்ப்பாளைத் திறக்கிறேன்.