சேவியரின் வண்டி எங்கே ஒழுகுகிறது?

– லாரியிலயா கொண்டாந்தீங்க, சேவியர் அண்ணே? ஓடுற வண்டின்னுதானே அக்கா போன்ல சொன்னாங்க.

– ஓடும், ஜமால். ஆயினும், எண்ணெய் கசிகின்ற எஞ்சினை ஈசூனிலுள்ள எமது இல்லத்திலிருந்து உமது பட்டறை வரைக்கும் ஓட்டி வருதல் முறையன்று.

– முறையன்றாம். ஜமால், இவரு கல்யாண வீடுகள்ல மைக் பிடிக்கிற ஆளுல்ல? மனசுல பயம் வந்துட்டா பேச்சு தானா மேடை ஏறிடும்.

– எனக்கென்ன பயம், அமலா?

– அதத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். நாலு ஞாயித்துக்கிழமையா இதே கதை, ஜமால். சாங்கி கடற்கரைக்குப் போலாம்னு நான் ஜீன்ஸ் போட்டுக்கிட்டுக் கீழ வருவேன். இவரு வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. "ஒழுகுது, அமலா." இன்னிக்கு எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள். இன்னிக்கும் போகலைன்னா வண்டிய வித்துடணும்னு பேச்சு.

– வித்துடறதா? அக்கா, ஆறு வருஷம் ஒவ்வொரு நட்டா தேடிப் பிடிச்சுக் கட்டின பைக் லா.

– ஓடாத வண்டி எதுக்கு? அந்த எஞ்சின் ஹால்ல கெடந்த வரைக்கும் கிறிஸ்மஸ் மரத்த நான் அடுப்படியிலதான் வெச்சேன்.

– சரி சரி. அண்ணே, எங்க ஒழுகுது?

– முதல் வாரம், மேல்மூடியின் கேஸ்கெட் என்று எண்ணினேன்.

– ரெண்டாவது வாரம்?

– எண்ணெய் வடிக்கும் அடித்திருகு.

– மூணாவது?

– அனைத்தையும் ஒருங்கே ஐயுற்றேன்.

– போன வாரம்?

– போன வாரம் மழை.

– நிதானம், அண்ணே. எண்ணெய் பொல்லாத சாமான். மேல கசியும், எஞ்சின் மேலயே வழிஞ்சு ஓடும், கடைசியில கீழ ஏதோ ஒரு மூலையில வந்து தொங்கும். சொட்டுற எடத்தப் பாத்து ஏமாறக் கூடாது. மொதல்ல எல்லாத்தையும் தொடச்சு ஒலத்துவோம். அப்புறம் பவுடர் அடிப்போம்.

– பவுடரா?

– மொகத்துக்குப் போடுற பவுடர்தான், அக்கா. எஞ்சின் முழுக்கத் தூவிட்டு ஓட விட்டா, கசியுற எடத்துல மட்டும் கறை விழும். பொய்யே சொல்லாது. ... இந்தா, பாலாபிஷேகம் பண்ணின மாதிரி ஆச்சு. அண்ணே, மிதிங்க.

– நானா?

– வண்டி உங்களுதுதானே.

– ... ஒரே மிதி! அமலா, கேட்டியா? அந்தச் சத்தத்தக் கேட்டியா?

– கேட்டேன், கேட்டேன். மூஞ்சியப் பாரு ஜமால், ஆஸ்பத்திரியில பிள்ளைய வாங்கினப்பகூட இவரு இப்படிச் சிரிக்கல.

– சிரிக்கட்டும் அக்கா. கையக் குடுங்க அண்ணே, கட்டினா இப்படிக் கட்டணும். நல்லா சூடாகட்டும். வாங்க, எதிர் டீக்கடையில தே தாரிக் வாங்கிட்டு வருவோம்.

– நீங்கள் இருவரும் செல்லுங்கள். வண்டிக்கு ஓர் ஆள் காவல் வேண்டும்.

– சிராங்கூன் ரோட்டுல பட்டப்பகல்ல யாரு தூக்கிட்டுப் போகப் போறா? சரி, இருங்க. நான் ஜமாலோட போயிட்டு வரேன்.

– ... இந்தாங்க அண்ணே, உங்க தே. எஞ்சின அணைச்சுடுங்க. அக்கா, குனிஞ்சு பாருங்க. மேல்மூடி?

– வெள்ளையா இருக்கு.

– சிலிண்டர் அடி?

– வெள்ளை.

– அந்த அடித்திருகு?

– பூசின பவுடர் பூசின மாதிரியே இருக்கு. ஆனா ஜமால், இங்க தரையில சொட்டியிருக்கே.

– கண்டீர்களா! கசிவு உளது என்று அன்றே கூறினேன்.

– நிதானம். அக்கா, நான் தொட்டு எடுக்குறேன். வெளிச்சத்துல பாருங்க, என்ன நெறம்?

– தேன் மாதிரி இருக்கு.

– இப்ப எண்ணெய் டேங்க்குக்குள்ள கம்பிய முக்கி எடுக்குறேன். இது?

– கறுப்பு.

– ஓடின எஞ்சின் எண்ணெய் கறுப்பா இருக்கும், சூடாவும் இருக்கும். தரையில இருக்கிறது தேன் கலர்ல, ஜில்லுனு இருக்கு. இது எந்த எஞ்சின்லேருந்தும் வராது லா. குப்பியிலேருந்துதான் வரும்.

– என்னங்க.

– ம்.

– சட்டப் பையில என்ன?

– கண் மருந்துக் குப்பி.

– கண்ணுக்கு எஞ்சின் ஆயிலா விடுறீங்க?

– அமலா, ஈண்டு நான் ஒரு விளக்கம் அளிக்க...

– ஈண்டெல்லாம் வேணாம். வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க.

– எனக்கு லைசென்ஸ் இல்ல.

– என்ன அண்ணே சொல்றீங்க? தெனமும் சின்ன வண்டியிலதானே வேலைக்குப் போறீங்க.

– அந்த லைசென்ஸ் இருநூறு சிசியோட சரி, ஜமால். இது ஐந்நூறு. மேல ரெண்டு டெஸ்ட் பாஸ் பண்ணணும். மொத டெஸ்ட்டுலயே மூணு தடவ விழுந்துட்டேன். முழு எஞ்சினப் பிரிச்சுக் கட்டத் தெரிஞ்சவனுக்கு, அந்த ஒடுக்கமான பலகை மேல நேரா ஓட்டத் தெரியல. இவகிட்ட எந்த வாயால சொல்றது? ஒழுகுதுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. சரி, ஆளப் பாத்து வித்துடு, அமலா.

– கொஞ்சம் இருங்க. ஜமால், எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லு. எஞ்சின்ல குறை எதுவும் இல்லியே? சாங்கிக்குப் போயிட்டு ஈசூன் வரைக்கும் தாங்குமா?

– மலாக்கா வரைக்கும் தாங்கும் அக்கா. ஆனா ஓட்டுறதுக்கு ஆளு வேணுமே.

– இவரு மூணாவது தடவ பலகையிலேருந்து விழுந்தப்ப, ஹெல்மெட் கண்ணாடிய எறக்கிவிட்டுக்கிட்டு இவருக்கு அடுத்த ஆளா வரிசையில நின்னது நான்தான். நான் விழல, போன மாசம் பெரிய வண்டிக்கும் பாஸ் பண்ணிட்டேன். ஏறுங்க, பின்னால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க.